டான்ஸ் மெஷின் வீட்டுக்கு வருமா? தரை வந்தால் வரும்

மால் கேம் ஸோனில் நிற்கிற, திரையில் வரும் அம்புக்கேற்பத் தாளத்துக்குக் காலால் மிதித்து ஆடுகிற டான்ஸ் மெஷின் வீட்டு கன்சோலில் எடுபடுமா என்று கேட்டால், பேச்சு உடனே கேமுக்குப் போய்விடுகிறது. பாட்டு எத்தனை, கிராஃபிக்ஸ் எப்படி, ஆன்லைனில் போட்டி உண்டா. அதெல்லாம் எப்போதோ வீட்டுக்கு வந்துவிட்டது. கொனாமியின் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் 1998-ல் ஜப்பான் ஆர்கேடுகளில், அதாவது காசு போட்டு ஆடும் கேம் கூடங்களில், இறங்கியது. 1999-லேயே முதல் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது. அதே அம்புகள், அதே தாளம். வராமல் நின்றுபோனது மெஷினின் கீழ்ப்பாதி, ஆள் ஏறி மிதிக்கிற மேடை. அந்த மேடை இல்லாமல் டிஸ்கை மட்டும் வாங்கியவர்கள் ஒரு மாசத்தில் அதை அட்டத்தில் ஏற்றிவிட்டார்கள். குறை கேமில் இல்லை.

இந்த வகையில் எது வீட்டில் பிழைத்தது என்று பார்த்தாலே விஷயம் விளங்கும். 2005-ல் வந்த கிட்டார் ஹீரோ என்ற கேமின் பிளாஸ்டிக் கிட்டாரைக் கொண்டுவந்த ரெட்ஆக்டேன், அதற்கு முன் வீட்டில் மேடைக்குப் பதிலாகப் போட்டு மிதிக்கிற டான்ஸ் பேட் விற்றுக்கொண்டிருந்த கம்பெனி. பேடில் கிடைக்காத வெற்றி கிட்டாரில் கிடைத்தது. நாம்கோவின் டைகோ மேள கேம் 2001-ல் ஆர்கேடில் வந்தது. வீட்டுக்கென்று சின்ன மேளம் செய்து மேஜையில் வைத்தார்கள், இன்றைக்கும் ஓடுகிறது. 2009-ல் யூபிசாஃப்ட் வீ கன்சோலுக்குக் கொண்டுவந்த ஜஸ்ட் டான்ஸ் வீட்டு டான்ஸ் கேம்களிலேயே பெரிய வெற்றி. ஆனால் அதில் மார்க் போடுவது கையில் பிடித்த ரிமோட்டை வைத்து மட்டும்தான். கால் என்ன செய்தாலும் கணக்கில்லை. சோபாவில் சாய்ந்தபடி வலதுகையைச் சரியாக வீசினால் நட்சத்திரம் விழும். கையில் அடங்கியது வீட்டுக்குள் வந்தது, காலில் மிதிபடுவது வாசலிலேயே நின்றது.

நடுவில் கேமரா வழியும் ஒன்று இருந்தது. 2010-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த கினெக்ட், அதோடு வந்த ஹார்மோனிக்ஸின் டான்ஸ் சென்ட்ரல். உடம்பு முழுவதையும் பார்த்தது, நல்ல கேமும்கூட. ஆனால் கினெக்ட் செகண்டுக்கு 30 படம்தான் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33 மில்லிசெகண்டு இடைவெளி. கை வீச்சைப் பார்க்க அது போதும், கால் தரையில் பட்ட கணத்தைப் பிடிக்கப் போதாது. டிவியிலிருந்து ஒருவருக்கே 6 அடி தள்ளி நிற்க வேண்டும், இருவருக்கு 8 அடி. 2017-ல் மைக்ரோசாஃப்ட் கினெக்ட் செய்வதையே நிறுத்திவிட்டது.

ஆகவே கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: திருநெல்வேலிப் பக்கத்து வீடு ஒன்றின் பட்டாசலில், அதாவது கூடத்தில், தரத்தில் மால் மெஷினை நெருங்குகிற மேடை ஒன்றை வைக்க முடியுமா? முடியும். கடையில் வாங்கி, செருகி, ஆடுவது என்ற வழியில் சுலபத்தில் முடியாது.

மேடையில் என்னதான் இருக்கிறது

ஆர்கேடு மேடை என்பது ஒவ்வொன்றும் சுமார் 28 செ.மீ. சதுரமான ஒன்பது கட்டங்கள். மேல், கீழ், இடம், வலம் என்று நாலு கட்டம்தான் அம்பு. நடுவும் மூலைகளும் அசையாத தகடு. ஒவ்வொரு அம்புக் கட்டத்துக்கும் அடியில் நாலு ஓரத்திலும் ஒவ்வொரு சென்சார் பட்டை இருப்பதால் கட்டத்தின் எந்தப் பக்கத்தில் மிதித்தாலும் பதியும். பின்னால் பிடிக்கக் கம்பி. கொரியாவின் ஆண்டமிரோ 1999-ல் கொண்டுவந்த பம்ப் இட் அப் மெஷினில் அம்புகள் நாலு மூலையிலும், ஐந்தாவது நடுவிலும் இருக்கும். அந்தப் பழக்கம் வேறு, இந்தப் பழக்கம் வேறு. ஒன்றில் கைதேர்ந்தவர்கூட மற்றதில் முதல் நாள் தடுமாறுவார்.

மேடையின் உண்மையான வேலை காலுக்குத் தகவல் சொல்வது. கட்டத்தின் விளிம்பு காலில் தட்டுப்படும். கீழே பார்க்காமலே நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். கண் திரையிலேயே இருக்கும். வீட்டுக்கு விற்ற மெத்தைப் பேடில் இந்த விளிம்பு கிடையாது. உள்ளே மின்கடத்தும் மை அச்சடித்த இரண்டு பிளாஸ்டிக் தாள், நடுவில் ஓட்டை போட்ட மெல்லிய ஸ்பாஞ்ச். மிதித்தால் ஓட்டை வழியே இரண்டு தாளும் தொட்டுக்கொள்ளும். டைல்ஸ் தரையில் விரித்து ஆடினால் பாதிப் பாட்டுக்குள் பேட் ஒரு சாண் முன்னால் நகர்ந்திருக்கும். திரையில் நேரம் தப்பியதாகக் காட்டும், தப்பியது இடம்.

கையில் மெத்தைப் பேட் ஏற்கெனவே இருந்தால் எறிந்துவிட வேண்டாம். 12 மி.மீ. பிளைவுட்டை 3 அடிக்கு 3 அடி வெட்டி, பேடை அதன்மேல் இழுத்து விரித்து, ஓரம் நாலிலும் இரட்டைப்பக்க டேப் ஒட்டுங்கள். பிளைவுட்டின் அடியில் ரப்பர் ஷீட். இதற்கே ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிடும். பேடை ஒருபோதும் மடிக்காதீர்கள். மடிப்பில் மைக்கோடு அறுந்து ஒரு அம்பு செத்துப்போகும்; மெத்தைப் பேட் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சுருட்டி நிமிர்த்தி வையுங்கள். மிதிக்காமலே ஒரு அம்பு அழுந்தியதாகக் காட்டினால் அந்த இடத்து ஸ்பாஞ்ச் அமுங்கிவிட்டது என்று அர்த்தம். ஜிப் வைத்த பேடாக இருந்தால் திறந்து அந்த ஸ்பாஞ்சை மட்டும் மாற்றலாம்.

பழைய பிளேஸ்டேஷன் பேடைக் கம்ப்யூட்டரில் செருக யூஎஸ்பி அடாப்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மலிவான அடாப்டர்கள் நாலு அம்பையும் ஜாய்ஸ்டிக் திசைகளாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஜாய்ஸ்டிக் ஒரே நேரத்தில் இடமும் வலமும் போகாது அல்லவா? ஆகவே இரண்டு காலையும் விரித்துக் குதிக்கிற ஸ்டெப்பில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அல்லது ஒன்று மட்டும் பதியும். நாலு அம்பும் நாலு தனிப் பட்டனாகப் போகிற அடாப்டர்தான் வேண்டும். வாங்கியதும் செய்யும் முதல் சோதனை: இடம் வலம் சேர்த்து ஒரு மிதி, மேல் கீழ் சேர்த்து ஒரு மிதி.

தாமதம் கெடுக்காது, தடுமாற்றம்தான் கெடுக்கும்

டிவியில் லேக் இருக்கிறது, படம் பிந்தி வருகிறது, அதனால் வீட்டில் ஆட முடியாது என்பது பாதி உண்மை. துப்பாக்கி கேமில் எதிரி தெரிந்த பிறகு சுட வேண்டும். அங்கே லேக் கொல்லும். டான்ஸ் கேமில் அம்பு வருவது முன்கூட்டியே தெரியும். கால் தாளத்தை எதிர்பார்த்து இறங்குகிறது. ஆகவே டிவி எப்போதும் ஒரே மாதிரி 60 மில்லிசெகண்டு பிந்தினால் கேமுக்குள் 60 எண்ணைத் தட்டிவிட்டால் போதும், கணக்கு நேராகிவிடும். ஒரு மிதிக்கு 5, அடுத்ததற்கு 20 என்று மாறிக்கொண்டே இருக்கிற தாமதத்தை எந்த எண்ணாலும் சரிசெய்ய முடியாது.

தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது? யூஎஸ்பியில் சாதாரண வேகத்தில் கம்ப்யூட்டர் செகண்டுக்கு 125 தடவைதான் பேடைக் கேட்கும். ஒரு மிதி 0-விலிருந்து 8 மில்லிசெகண்டுக்குள் எங்கேயும் விழலாம். 1000 தடவை கேட்கும்படி அமைத்தால் அது 1 மில்லிசெகண்டுக்குள் அடங்கும். கன்சோல் கேம் ஃப்ரேமுக்கு, அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும், ஒருமுறை பேடைப் படிப்பதாக இருந்தால் 16.7 மில்லிசெகண்டு வரை ஆட்டம் காணும். எவ்வளவு பெரிய விஷயம் இது? இலவசமாகக் கிடைக்கிற கம்ப்யூட்டர் டான்ஸ் கேமான ஸ்டெப்மேனியாவிலும் அதன் வழிவந்த ஐடிஜிமேனியாவிலும் மிதிக்கு மார்க் போட வழக்கமாக வைத்துக்கொள்கிற கணக்குப்படி முதல் தரம் சுமார் 23 மில்லிசெகண்டு முன்பின், இரண்டாம் தரம் 44, மூன்றாவது 103. இருக்கிற 23-ல் 16-ஐ மெஷினே தின்றுவிட்டால் ஆடுபவருக்கு என்ன மிச்சம்?

டிவியில் முதல் வேலை கேம் மோடு. அது இல்லாமல் படத்தை மெருகேற்றும் வேலைகள் நடந்துகொண்டே இருக்கும், லேக் 100 மில்லிசெகண்டைத் தாண்டுவதும் உண்டு. இரண்டாவது, ப்ளூடூத் ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள். சாதாரண ப்ளூடூத்தில் ஓசை 150-இலிருந்து 250 மில்லிசெகண்டு வரை பிந்தும். அதுகூடப் பரவாயில்லை, ஒவ்வொரு தடவை இணைக்கும்போதும் அந்த எண் மாறக்கூடும், நேற்று சரிசெய்தது இன்றைக்கு உதவாது. 3.5 மி.மீ. ஒயர் போட்டு ஸ்பீக்கர் கொடுங்கள். ஸ்பீக்கர் தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், மீட்டருக்கு 3 மில்லிசெகண்டுதான்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் ஓசை, பிறகு படம். நன்றாகப் பழகிய, தாளம் துல்லியமான பாட்டு ஒன்றை எடுத்து, டிவியைப் பார்க்காமல் காதை மட்டும் நம்பி ஆடுங்கள். ஸ்டெப்மேனியாவில் ஆட்டத்தின் நடுவே எஃப்6 விசையை அழுத்தினால் தானே நேர்செய்யும் முறை ஓடும். அதில் பாட்டுக்கு மட்டும், மெஷினுக்கே என்று வகைகள் உண்டு. மெஷினுக்கே என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் எண் நிலைத்துவிடும். அதற்குப் பிறகும் அம்பு கோட்டைத் தொடுவதும் தாளமும் கண்ணுக்கு ஒட்டாவிட்டால் படத் தாமதம் என்ற தனி அமைப்பில் 5, 5-ஆக நகர்த்துங்கள். படத்தை முதலில் சரிசெய்தால் ஓசையின் தவறு அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

நம் வீடு, நம் தரை

நம்மூர் வீட்டுக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. மெத்தைப் பேடுக்கு அது சரி. ஆனால் அக்ரிலிக் மூடிய கெட்டிப் பேடில் வெறுங்காலோடு அரைமணி நேரம் ஆடினால் குதிகால் வலி எடுக்கும். சித்திரை வைகாசி வியர்வையில் பாதம் ஒட்டிக்கொண்டு திரும்ப மறுக்கும், முழங்கால் அந்தத் திருகலை வாங்கும். வெளியே போட்டிராத கேன்வாஸ் ஷூ ஒன்றை வீட்டுக்குள் இதற்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்தான். அடிப்பகுதி வழவழப்பாகத் தேய்ந்த பழைய ஷூ புதியதைவிட நல்லது, வழுக்கித் திரும்ப வேண்டும்.

இடம். 60 கிலோ ஆள் குதித்து இறங்கினால் தரைக்குப் போகிற விசை அந்த எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. கான்கிரீட் தளத்துக்கு அது ஒன்றும் செய்யாது. கீழ்வீட்டுக்காரர் தலைக்குமேல்தான் இடி. தட்டட்டியில், மொட்டை மாடியில், தகரக் கொட்டகை இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோனால் பகலில் வெக்கை, ராத்திரியில் கீழே படுத்திருப்பவருக்கு ஒவ்வொரு மிதியும் கேட்கும். இருப்பதிலேயே நல்லது பழைய வீடுகளின் தார்சா அல்லது பட்டாசல். மண் நிரப்பி மேலே சிவப்பு ஆக்சைடு பூசிய தரைத்தளம் சத்தத்தை விழுங்கிவிடும். மாடி வீடுதான் என்றால் அடுக்கு இப்படி: டைல்ஸின் மேல் 10 மி.மீ. ஜிம் ரப்பர் ஷீட், அதன்மேல் 4 அடிக்கு 4 அடி 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் பேட். குழந்தைகளுக்கு விரிக்கிற பஸில் மேட்டை மட்டும் அடியில் போட்டால் அது ஒரு பக்கம் அதிகமாக அமுங்கி பேட் ஊசலாடும். பத்தமடைப் பாயை அடியில் விரிப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். பேட் வழுக்கும், பாயும் பாழ்.

கரண்ட் போனால் கன்சோலும் டிவியும் அணைந்து, பாட்டின் நடுவில் ஸ்கோர் போய்விடும். பழைய லேப்டாப்பில் ஆடினால் டிவி மட்டும்தான் அணையும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது ஸ்பீக்கரில் உர்ர்ரென்று இரைச்சல் வந்தால் பேடையோ கேமையோ சந்தேகப்பட வேண்டாம், அது இன்வெர்ட்டரின் குணம்.

பேட் கட்டுவது

போலந்தின் எல்டெக் போன்ற கம்பெனிகள் வீட்டுக்கென்று உலோகப் பேட் விற்கின்றன, தரம் நன்றாகவே இருக்கும். ஆனால் எடையுள்ள சாமான், கூரியர் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் விலை எங்கேயோ போய்விடும். பிளைவுட் கடையும் ஹார்டுவேர் கடையும் பக்கத்திலிருந்தால் கட்டிவிடலாம்.

அடிப்பலகை 18 மி.மீ. பிளைவுட், 90 செ.மீ.க்கு 90. அதே கனத்தில் 28 செ.மீ. சதுரம் ஐந்து. நடுவிலும் மூலைகளிலும் இவற்றைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு அசையாமல் பொருத்துங்கள். 28 மூன்று 84. சுற்றி 3 செ.மீ. அகல ரீப்பர் கட்டை அடித்தால் 90 கணக்கு முடிந்தது. 8×4 ஷீட் ஒன்றில் இதெல்லாம் அடங்கி மிச்சமும் வரும். கடையில் அண்ணாச்சியிடம் பிடபிள்யூபி தரம், ஐஎஸ் 710 முத்திரை என்று கேட்டு வாங்குங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அது ஊதி, அம்புக் கட்டம் பள்ளத்துக்குள் இறுகிக்கொள்ளும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் மாதங்களிலேயே அந்தத் தொல்லை தொடங்கிவிடும்.

அம்புக் கட்டம் 12 மி.மீ. பிளைவுட்டில் 27.6 செ.மீ. சதுரம், நாலு. 2 அடிக்கு 2 அடித் துண்டு போதும். 28 செ.மீ. பள்ளத்தில் சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி கிடைக்கும், அதற்குக் குறைந்தால் உரசும், கூடினால் கட்டம் பக்கவாட்டில் ஆடும். மேலே 3 மி.மீ. அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். விலை பார்க்காவிட்டால் பாலிகார்பனேட், அது விரிசல் விடாது.

இப்போது எல்லோரும் கோட்டை விடுகிற இடம். கீழே ஒரு தகடு, மேலே ஒரு தகடு, நடுவில் ஃபோம் டேப் ஒட்டிவிட்டால் மிதிக்கும்போது தொட்டுக்கொள்ளும் என்று நினைப்பார்கள். தொடாது. ஃபோம் எவ்வளவு மிதித்தாலும் பூஜ்யமாக அமுங்காது. ஆகவே தகட்டை உயர்த்த வேண்டும். பள்ளத்தின் நாலு மூலையிலும் 3 செ.மீ. சதுரமாக 5 மி.மீ. ஃபோம். மூலைகளைத் தவிர்த்து மற்ற இடத்தில் 3 மி.மீ. ஹார்ட்போர்டு, அதன்மேல் அரை மி.மீ. தகடு. அம்புக் கட்டத்தின் அடியிலும் அரை மி.மீ. தகடு, மூலையில் மட்டும் வெட்டிவிட்டு. 5-ல் 3.5-உம் 0.5-உம் போனால் இடைவெளி 1 மி.மீ. ஃபோம் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினாலே பதியும். உயரம் 5 கூட்டல் 12 கூட்டல் 3, ஆக 20. பக்கத்துக் கட்டம் 18. அம்பு 2 மி.மீ. எழும்பி நிற்பதால் மெல்லிய ஷூவுக்குள்ளும் விளிம்பு தெரியும். ஃபோம் ஈவிஏ வகையாக இருக்கட்டும். ஏர் கூலர் ஓரத்தில் ஒட்டுகிற மெத்து ஸ்பாஞ்ச் சீக்கிரமே தட்டையாகி, எப்போதும் அழுந்திய நிலைக்குப் போய்விடும்.

மேல் தகட்டுக்கு ஒயர் கொடுத்தால் ஆயிரக்கணக்கான மிதியில் சால்டர் விட்டுவிடும். அதைத் தவிர்க்கக் கீழ்த் தகட்டை 2 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, சின்ன இடைவெளி விட்டு ஒட்டுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து சிக்னலுக்கு. இரண்டு, நாலு, ஆறு கிரவுண்டுக்கு. மேல் தகடு இறங்கி இரண்டையும் இணைக்கும், ஒயரே வேண்டாம். பட்டைகள் நடுக்கட்டத்தை நோக்கிய வாக்கில் ஓட வேண்டும். நடுவில் நிற்பவரின் கால் அம்புக் கட்டத்தின் உள்விளிம்பில்தான் அதிகம் படும். அந்த விளிம்பு இறங்கும்போது எல்லாப் பட்டைகளையும் குறுக்காகத் தொடும். குறுக்கே ஒட்டினால் விளிம்பு ஒரே பட்டையில் இறங்கி ஒன்றும் பதியாது.

மிதியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சின்ன மின்னணு போர்டு ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ. ஊனோ வாங்கிவிடாதீர்கள்; அதன் முக்கியச் சிப்பில் யூஎஸ்பி இல்லை, நேரடியாக ஜாய்ஸ்டிக்காக நடிக்காது. நாலு அம்புக்கு நாலு பின், பொதுவாக ஒரு கிரவுண்டு, மொத்தம் ஐந்து ஒயர். போர்டின் உள்ளே இருக்கிற புல்அப் ரெசிஸ்டரை இயக்கிவிட்டால் வெளியே வேறு ரெசிஸ்டர் தேவையில்லை. தகடுகள் தொடும்போது ஓரிரு மில்லிசெகண்டுக்குத் துள்ளும், ஒரு மிதி இரண்டாகப் பதியும். அதற்காக 10 மில்லிசெகண்டு காத்திருந்து பிறகு சொல்கிறமாதிரி புரோகிராம் எழுதுவது தவறு. முதல் தொடுகையை உடனே அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு 8 மில்லிசெகண்டு காதை மூடிக்கொள்ள வேண்டும். நேரமும் போகாது, இரட்டை மிதியும் வராது.

தகடு கறுத்தால் மிதி விட்டுவிட்டுப் பதியும். நைஸ் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, துணியால் ஒரு துடைப்பு. அலுமினியத்தைவிட ஜிஐ தகடு இதற்குத் தேவலை. பின்கம்பி வேண்டுமென்றால் ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பை வெல்டிங் பட்டறையில் ப வடிவில் வளைத்து வாங்குங்கள். ஆனால் அதற்கு அடிப்பலகையைப் பின்னால் ஒரு அடி நீட்டியாக வேண்டும். 90-க்கு 90 பலகையில் கம்பியை நட்டு ஆள் சாய்ந்தால் பேடே முன்பக்கம் தூக்கிவிடும்.

கன்சோல் என்ன சொல்கிறது

இத்தனையும் கட்டி எடுத்துக்கொண்டு போனால் பிளேஸ்டேஷன் 5 முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சோனியும் மைக்ரோசாஃப்டும் தங்கள் அனுமதி பெற்ற கண்ட்ரோலரா என்று சிப் வழியே சோதிக்கிற முறையை வைத்திருக்கின்றன. நிண்டெண்டோ ஸ்விட்ச் கொஞ்சம் தாராளம். ஒயர் கண்ட்ரோலராக நடிக்க ப்ரோ மைக்ரோ வகைப் போர்டுகளால் முடியும். கெட்டிப் பேடை நம்பி கேம் செய்தால் வாங்க ஆளில்லை, கேம் இல்லாததால் பேட் செய்ய ஆளில்லை. கொனாமியின் கடைசி வீட்டுக் கன்சோல் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் கேம்கள் 2010, 2011-ல் வந்தவை. 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் கிட்டார் ஹீரோவையே நிறுத்தியது. பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக் கருவி விற்ற காலம் அத்தோடு முடிந்தது. அதனால் வீட்டில் இந்த ஆட்டம் பழைய லேப்டாப்பில்தான் வாழ்கிறது, கன்சோலில் அல்ல. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கன்சோலில் நம் பாட்டைப் போட முடியாது, லேப்டாப்பில் முடியும்.

நம் பாட்டுக்கு ஸ்டெப்

பாட்டுக்கு ஸ்டெப் எழுதி வைக்கிற ஸ்டெப்மேனியாவின் எஸ்எம் ஃபைல் வெறும் எழுத்துக் கோப்பு. நாலு இலக்கம் ஒரு வரி: இடம், கீழ், மேல், வலம். 1000 என்றால் இடம், 0001 வலம், 1001 இரண்டும் சேர்ந்த குதி. ஒரு தாளக்கட்டில் 4 வரி வைத்தால் தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் (பீட்) ஒரு ஸ்டெப், 8 வைத்தால் இரண்டு, 16 வைத்தால் நாலு. கடைசி எண்ணிக்கையில் நிமிஷத்துக்கு 150 அடி ஓடும் பாட்டு என்றால் செகண்டுக்கு 10 ஸ்டெப், ஆளைக் கொன்றுவிடும்.

ஆனால் நம் குத்துப்பாட்டுகளும் கோயில் கொடைக்கு அடிக்கிற நையாண்டி மேளமும் பெரும்பாலும் திஸ்ர நடையில் போகும், அடிக்கு மூன்று. அதை 16 வரியில் எழுதினால் எவ்வளவு நகர்த்தினாலும் ஒட்டாது. 12 வரி வைக்க வேண்டும். 130 அடி வேகத்தில் செகண்டுக்கு ஆறரை ஸ்டெப், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 154 மில்லிசெகண்டு; ஆட முடிகிற வேகம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்று ஒற்றைப்படை. இட வல இட என்று ஒரு அடி போனால் அடுத்த அடி வலதில் தொடங்கும். அழுத்தம் ஒவ்வொரு தடவையும் கால் மாறி விழுகிறது. திஸ்ரத்தின் சுகமே அதுதான், புதியவர் தடுமாறுவதும் அதில்தான். முதல் சார்ட்டில், அதாவது நீங்கள் எழுதும் ஸ்டெப் வரிசையில், மூன்றில் நடு ஸ்டெப்பை எடுத்துவிடுங்கள். நொண்டி நடை மாதிரி வரும், கால் பழகிக்கொள்ளும்.

வேகத்தின் எண்ணைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும். 130 அடிப் பாட்டில் 0.1 தவறினால் நாலு நிமிஷ முடிவில் சுமார் 185 மில்லிசெகண்டு விலகியிருக்கும். கடைசிச் சரணத்தில் எல்லாமே மிஸ். தொடக்கம் சரியாக இருந்து முடிவில் மட்டும் தப்பினால் ஸ்டெப் எல்லாவற்றையும் சேர்த்து முன்பின் நகர்த்துகிற ஆஃப்செட்டைத் தொடாதீர்கள், பிழை வேகத்தில். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவு தப்பினால்தான் ஆஃப்செட். வாத்தியக்காரர்கள் கூடி நேரடியாக வாசித்த பழைய பாட்டுகளில் வேகம் சரணத்துக்குச் சரணம் கொஞ்சம் இளகும். அங்கே ஒரே எண் உதவாது. பல்லவி, சரணம், இடையிசை என்று ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் புது வேகம் எழுதிச் சேர்க்க வேண்டும். எம்பி3 ஃபைலின் தொடக்கத்தில் சுமார் 25 மில்லிசெகண்டு வெற்றிடம் சேரும், அதையும் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் கையாளும். சார்ட் எழுதும் முன்பே பாட்டை ஓஜிஜி என்ற ஃபைல் வகைக்கு மாற்றிவிடுங்கள். எழுதி முடித்த பிறகு மாற்றினால் எல்லாம் கொஞ்சம் தள்ளிப்போகும்.

முதல் சார்ட்டுக்கு 120-ஐத் தாண்டாத பாட்டு எடுங்கள். தொடக்கத்தில் 8 அடிக்கு ஸ்டெப் எதுவும் வைக்காமல் விடுங்கள், 4 செகண்டு கிடைக்கும். பாட்டைத் தேர்ந்தெடுத்த ரிமோட்டையோ மவுஸையோ கீழே வைத்துவிட்டு ஆள் பேடில் ஏற வேண்டாமா?